பெத்லகேம் போகும் நீல பஸ்

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டது. எருசலேமின் தமஸ்கு வாசலில் ரொட்டிக் கூடைகள் அவசர அவசரமாக உள்ளே போயின. பையைத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்தபடி ஓடி வந்த நஜ்லா, முதலில் கண்ணில் பட்ட நீல பஸ்ஸில் தாவி ஏறினாள். பெத்லகேம் பஸ் நீலம்தானே...

நீலம்தான். ஆனால் இது ஊர் பஸ் இல்லை. உட்கார்ந்து முகத்தைத் துடைத்த பிறகுதான் பார்த்தாள். சுற்றிலும் இங்கிலாந்திலிருந்து யாத்திரை வந்த பாட்டிமார்கள். மடியில் வேதாகமம், கையில் உரித்த ஆரஞ்சு. எழுந்து இறங்கக் கூச்சமாக இருந்தது. அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

வழிகாட்டிக்குக் காய்ச்சலாம். அதனால் பஸ்ஸையும் கதையையும் ஓட்டுநரே சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை ஜன்னலுக்கு வெளியே. பெத்சகூர் வயல்கள் தெரிந்ததும் அவன் குரல் உயர்ந்தது. அரைகுறை ஆங்கிலத்தில் அடித்துவிட்டான். இங்கேதான் ரூத் கதிர் பொறுக்கினாளாம்... அவள் தாவீது ராஜாவின் அம்மாவாம்... அவளை எகிப்திலிருந்து மோசே கூட்டி வந்தாராம்...

நஜ்லா களுக்கென்று சிரித்துவிட்டாள்.

மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் இரண்டு கண்கள் நிமிர்ந்தன. மழையில் நனைந்த ஒலிவக்காய் போல் கறுத்த, பளபளத்த கண்கள். அவற்றுக்குக் கோபம் வந்திருந்தது. பஸ் ஓரமாக நின்றது.

"என்ன தப்பா சொல்லிட்டேன்?"

"ரூத் தாவீதுக்கு அம்மா இல்ல. தாவீதோட அப்பாவுக்குப் பாட்டி."

"அம்மாவோ பாட்டியோ... அந்த வீட்டுப் பொம்பளைதானே?"

"மோசே செத்து எத்தனையோ தலைமுறைக்கு அப்புறம் பொறந்தவ அவ."

அவன் காது சிவந்தது. "அப்ப நீங்களே சொல்லுங்க, மிஸ். நான் வாயை மூடிட்டு ஓட்டறேன்."

குத்தலாகத்தான் சொன்னான். ஆனால் அவள் பெத்லகேமில் பெண்கள் பள்ளியில் வேதபாடம் நடத்தும் மிஸ்ஸேதான். எழுந்து நின்று சொன்னாள். பஞ்சத்தில் ஊரை விட்டுப் போன குடும்பம், மூன்று கல்லறைகளை அந்நிய மண்ணில் விட்டுவிட்டுத் திரும்பி வந்த மாமியார், அவளை விடாமல் ஒட்டிக்கொண்டு வந்த மருமகள்... ஆரஞ்சு உரித்த கைகள் அப்படியே நின்றன. பஸ் ஆமை போல ஊர்ந்தது. ஓட்டுநரும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பெத்லகேமில் எல்லோரும் இறங்கிய பிறகு அவன் தயங்கித் தயங்கி வந்தான். பெயர் மித்ரி. அவனுக்கும் அவளுடைய ஊரான பெத்ஜாலாதான், கீழ்த்தெரு. அப்பா இறந்ததும் பள்ளிக்கூடம் நின்று போனதைச் சொன்னான். கதையெல்லாம் தெரியும், ஆனால் எது முந்தி எது பிந்தி என்றுதான் தெரியாது, உடைந்த ஜாடி மாதிரி துண்டு துண்டாகக் கிடக்கிறது என்றான். வழிகாட்டி உரிமம் வாங்க ஆசை. அதற்கு வாய்மொழிப் பரீட்சை உண்டு.

"மொதல்லேருந்து சொல்லித் தருவீங்களா?"

சிரித்ததற்குப் பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டு நஜ்லா சரி என்றாள். அந்தக் கண்கள் கேட்டதால்தான் சரி என்றோம் என்பது அவளுக்கே பிற்பாடுதான் தெரிந்தது...

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் கோவில் முற்றத்துக் கல்மேடையில் பாடம். துணைக்கு வர்தே அத்தை. நாற்பது வயது, கல்யாணம் வேண்டாம் என்று உதறியவள், கையில் எப்போதும் சிவப்பு நூல். ஊசியைக் கோப்பது போல் பாவனை செய்துகொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்பாள்.

நஜ்லா தோட்டத்தில் ஆரம்பித்தாள். வெள்ளம், கோபுரம், ஊர் என்ற ஊரை விட்டுக் கிளம்பிய ஆபிரகாம். மித்ரி குறுக்கே விழுந்துகொண்டே இருந்தான். ஆபிரகாம் புறப்படும்போது சாராள் என்ன சொன்னாள்? அது எழுதப்படவில்லை என்றாள் நஜ்லா. எழுதாவிட்டால் என்ன, அவளும்தானே நடந்தாள் என்றான் அவன். வர்தே அத்தை ஊசியை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

இதையெல்லாம் யார் எழுதி வைத்தார்கள் என்று ஒரு நாள் கேட்டான். கிணற்றடியிலும் கூடாரத்திலும் வாய்மொழியாகச் சொல்லி வந்த கதைகள்தான் ரொம்ப காலம் என்றாள் அவள். பாபிலோனுக்குச் சிறையாகப் போன பிறகுதான் நிறையத் தொகுத்து எழுதினார்கள் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். ஊரில் இருந்தவரைக்கும் அவ்வளவு அவசரம் தெரியவில்லை போலிருக்கிறது.

மித்ரி விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"என்ன மிஸ் இது, ஒருத்தரும் வீட்டுல இருக்க மாட்டேங்கறாங்களே? தோட்டத்துலேருந்து போறாங்க, ஊர் பட்டணத்துலேருந்து போறாங்க, எகிப்து, பாபிலோன்... எப்பப் பாரு பயணம்."

"போற எடத்துக்கெல்லாம் கடவுளும் கூடவே போறாரு. ஆதியிலேருந்து கடைசி வரைக்கும் அதான் கதை. மத்ததெல்லாம் அதுக்குள்ள அடங்கிடும்."

சொல்லும்போதே அவளுக்குத் தன் பயணம் நினைவு வந்தது. சிலி நாட்டில், சாந்தியாகோ நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த அண்ணன் எல்லோருக்கும் கப்பல் சீட்டு எடுத்திருந்தான். ஈஸ்டர் முடிந்ததும் பயணம். அங்கே அவளுக்கு ஒரு மாப்பிள்ளையும் தயாராக இருந்தான். இதை மித்ரியிடம் எப்படிச் சொல்வது... அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே போனாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் பள்ளிப் பெண்களுடன் பிறப்புக் குகைக்குப் போயிருந்தாள். தூணுக்கு அந்தப் பக்கம் பழகிய குரல். மித்ரி சில பிரயாணிகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, யோசேப்பு... வரிசை பிசகாமல், மூச்சு விடாமல். நஜ்லா தூணோடு ஒட்டிக்கொண்டாள். போன ஞாயிறுகூட யோசேப்பை ஈசாக்கின் தம்பி என்று சொல்லி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தவன் அல்லவா இவன்? திருட்டுப் பயல்... வேண்டுமென்றே மறந்திருக்கிறான்.

அந்த வாரம் முழுக்க அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. காலமெல்லாம் நினைத்துப் பார்த்தாலும் தீராத வாரம் அது. வாதுமை மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. காப்பியில் ஏலக்காய்கூட அதிகமாக மணத்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ரொட்டிக் கடையில் யாரோ அவன் காதுபடச் சிலிப் பயணத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்று வர்தே அத்தைதான் கேட்டறிந்து வந்தாள். போகிற வழியில் ஏழைக்குப் போட்ட பிச்சையா இந்தப் பாடம் என்று அவன் கேட்டானாம்.

பிச்சையா? நஜ்லாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. என்னிடம் வந்து கேட்டிருக்கலாமே. நானாகப் போய் விளக்கம் சொல்ல வேண்டுமா என்ன... அவளும் போகவில்லை. அவன் உரிமம் வாங்கிய செய்தியையும் பிறர் சொல்லித்தான் கேட்டாள்.

ஈஸ்டர் போயிற்று. வீட்டில் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டியாயிற்று. அப்பா பூலுஸ் கல்தச்சர். அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் அவர் கொத்தியது. கடைசிப் பெட்டியின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தவரின் முன்னால் நஜ்லா போய் நின்றாள்.

"நான் வரலைப்பா."

அவர் நிமிரவில்லை. "அந்த பஸ்காரப் பையனா?"

"ம்..."

"அவன் உன்னைக் கேட்டானா?"

"இல்ல."

"கேக்காதவனுக்காகவா நிக்கப் போற?"

அதட்டலாக இல்லை, ஆற்றாமையாகத்தான் கேட்டார். அதுதான் அதிகமாகச் சுட்டது. நஜ்லா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே நடந்தாள். காலம் தப்பிய கடைசி மழை தூறிக்கொண்டிருந்தது.

பெத்லகேம் சதுக்கத்தில் பஸ் நின்றது. மித்ரி முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். சட்டையில் புது வழிகாட்டிப் பட்டை. மெலிந்திருந்தான். அவளைப் பார்த்ததும் துணி கையிலேயே நின்றது.

"வியாழக்கிழமை பெய்ரூத்லேருந்து கப்பல்," என்றாள்.

"நல்லபடியா போயிட்டு வாங்க, மிஸ்."

"போயிட்டு வான்னு சொல்லத் தெரியுதே. வேற ஒண்ணும் சொல்லத் தெரியாதா?"

அவன் துணியை மறுபடி மடித்தான். மழைத்துளி இமையில் நின்று கன்னத்தில் இறங்கியது... மழைத்துளிதானா?

"யோசேப்பு யாருக்குத் தம்பின்னு உங்களுக்குத் தெரியும்," என்றாள் அவள். "குகையில கேட்டேன். தெரிஞ்சும் தெரியாத மாதிரி ஏன் இருந்தீங்க?"

"பாடம் முடிஞ்சிட்டா நீங்க வரமாட்டீங்களே." குரல் உடைந்தது. "அப்புறம் கப்பல்னு கேள்விப்பட்டேன். அங்க கடை, வீடு, மாப்பிள்ளை... இங்க நான் எதை வெச்சு உங்களை நிறுத்தறது? ஓட்டைப் பஸ்ஸையா?"

"எதையும் வெச்சு வேண்டாம். வாயால ஒரு வார்த்தை சொன்னா போதும். அதுக்குத்தான் இந்த மழையில வந்து நிக்கறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, மித்ரி. நானே சொல்லிட்டேன். இனிமே வெக்கப்பட ஒண்ணும் பாக்கி இல்ல."

மித்ரி அவளையே பார்த்தான். அவன் வாயிலிருந்து மிஸ்ஸும் போயிற்று, நீங்களும் போயிற்று.

"இரு," என்றான். "போகாத, நஜ்லா. என்கூட இரு."

பஸ்ஸுக்குள் காத்திருந்தவர்களிடம் ஒரு அரை மணி நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு அவள் கூடவே பெத்ஜாலா மேட்டில் ஏறினான்.  வீட்டு வாசலில் பூலுஸ் நின்றார். சொட்டச் சொட்ட நனைந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேக்க வந்திருக்கேன், மாமா," என்றான் மித்ரி.

 அவர் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, தான் இறுக்கிக் கட்டிய கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.  முடிச்சு லேசில் வரவில்லை.

"வந்து பிடிடா," என்றார், திரும்பிப் பார்க்காமல். "அவ துணியெல்லாம் அடியில இருக்கு."