எரியாத ஒன்பதாவது விளக்கு

போன் அடித்தது.

பகல் பதினொரு மணி. பழைய கார் விற்கும் ஷோரூமின் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த முதலாளி அதை உடனே எடுக்கவில்லை. அடிக்க விட்டார். மனைவி செத்த செய்தியை முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்துக் கேட்கிற புருஷனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும் என்று காலையிலேயே யோசித்து வைத்திருந்தார்.

நாலாவது மணிக்கு எடுத்தார்.

"ஹலோ..."

"போலீஸ் ஸ்டேஷன்லேருந்து இன்ஸ்பெக்டர் பேசறேன். வெள்ளைக் கார், உங்க மனைவி ஓட்டறதுதானே?"

"ஆமா சார். என்னாச்சு?"

"உங்க வீட்டுலேருந்து இறங்குற அந்தச் சரிவு ரோடு இருக்கே... விஷயம் கொஞ்சம் மோசம். போன்ல வேண்டாம். அங்கேயே இருங்க, வர்றோம்."

முதலாளி எழுந்து போய்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். கண்ணீர் வரவில்லை. பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார். கொஞ்சம் வந்தது.

போதும்.

கடைத்தெருவில் இவருக்கு 'மீட்டர்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடி நாக்குத் தள்ளிய கார் இவர் கைக்கு வந்தால் போதும், மறுநாள் அது முப்பதாயிரம்தான் ஓடியிருக்கும். கை அப்படி!

அதைவிடப் பெரிய வித்தை ஒன்று இவரிடம் இருந்தது.

காருக்குப் பேசத் தெரியாது. உடம்புக்கு முடியவில்லை என்றால் டேஷ்போர்டில் ஒரு விளக்கைப் போட்டுக் காட்டும், இல்லாவிட்டால் ஒரு முள்ளை ஏற்றிக் காட்டும். பாவம், அதன் வாய் அவ்வளவுதான். மீட்டர் அந்த வாயைக் கட்டிவிடுவார்.

பிரேக் ஆயில் ஒழுகுகிறதா? ஒழுகலைச் சரி செய்ய ஒரு நாள் பிடிக்கும். எச்சரிக்கை விளக்குக்குப் பின்னால் கறுப்பு டேப் ஒட்டப் பத்து நிமிஷம். ரேடியேட்டர் ஓட்டையா? இன்ஜின் என்னதான் கொதித்தாலும் ஹீட் முள் நடுவிலேயே நிற்கும்படி ஒரு சின்ன ஒயர் வேலை. வாங்க வருகிறவர் டேஷ்போர்டைப் பார்ப்பார். சிவப்பாக எதுவும் எரியாது. முள் சமர்த்தாக நடுவில் நிற்கும். சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போவார்.

எந்தக் காரில் எதை மறைத்தோம் என்று ஒரு குட்டி நோட்டில் மீட்டர் எழுதி வைப்பார். மனசாட்சி உறுத்தியதால் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கார்களில் தெரியாத்தனமாகத் தான் ஏறிவிடக் கூடாதே என்றுதான்!

போன மாதம் ஒரு நர்ஸ் இவரிடம் பச்சைக் கார் வாங்கினாள். மூன்றாவது நாள் பிரேக் பிடிக்காமல் ஒரு லாரிக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டாள். இப்போது, தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, இரண்டு காலிலும் கட்டோடு படுத்திருக்கிறாள். கவனமில்லாமல் ஓட்டினாள் என்று அவள் மேலேயே கேஸ். பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று முதலில் சொன்னது யார் தெரியுமா? நம்ம மீட்டர்தான்.

நேற்று மத்தியானம் கத்தரிக்கோல் தேடி மேஜை டிராயரைத் திறந்த மனைவியின் கையில் அந்த நோட்டு கிடைத்தது. 'பச்சை – பிரேக் லைட்' என்ற வரி, புருஷனின் கோணல் கையெழுத்தில்.

அவள் கத்தவில்லை, சண்டை போடவில்லை. நாளைக்குக் காலையில் இந்த நோட்டோடு ஸ்டேஷனுக்குப் போகப்போகிறேன், அந்தப் பெண் மேல் தப்பில்லை என்று சொல்லப்போகிறேன் என்று மட்டும் சொன்னாள். மீட்டர் கெஞ்சிப் பார்த்தார், காலில் விழுந்து பார்த்தார். கடைசியில் திடீரென்று நல்லவராகிவிட்டார். நீ சொல்றதுதான் நியாயம், போயிட்டு வா, ஆனால் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்காதே, உன் காரிலேயே போ என்றார். எவ்வளவு கரிசனம் பாருங்கள்!

இன்று காலை அவள் குளிக்கப் போனபோது கார் ஷெட்டில் கொஞ்சம் கைவேலை நடந்தது. அடியில் பிரேக் ஆயில் கசியும்படி ஒரு திருகைத் தளர்த்திவிட்டார். நாலைந்து மிதி வரைக்கும் பிரேக் பிடிக்கும். சரிவு ரோட்டின் வளைவு வரும்போது கையை விரித்துவிடும். ஆயில் குறைந்தால் விளக்கு எரிந்து அவளை எச்சரித்துவிடுமே? அதற்குத்தான் கறுப்பு டேப். அவளும் நோட்டும் சேர்ந்தே பள்ளத்துக்குப் போய்விடுவார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அவள் கார் ஓட்டக் கற்று நாலு மாதம்தான் ஆகிறது. நாற்பதைத் தாண்டமாட்டாள். நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போகிறார்கள் என்று மீட்டர் தினமும் கிண்டல் செய்வார். இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. சாவியைப் போட்டதும் கிளம்ப மாட்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். பயந்தாங்கொள்ளி, சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தார்.

நாலு மாதத்தில் ஒரு நாளாவது என்ன முணுமுணுக்கிறாய் என்று கேட்டிருக்கலாம்.

கேட்கவில்லையே!

கண்ணாடிக் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். பின்னால் ஏட்டு. இன்ஸ்பெக்டருக்கு நல்ல ஜலதோஷம். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று மீட்டரை உபசரித்தார். பிறகு நிதானமாக ஆரம்பித்தார். பிரேக் சுத்தமாக இல்லையாம். ஆயில் டப்பாவில் சொட்டுகூட இல்லையாம்.

மீட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். புதிதாக ஓட்டக் கற்றவள், வேண்டாம் வேண்டாம் என்று சொன்னேன், கேட்டாளா என்று புலம்பினார். கொட்டாவிக் கண்ணீர் இரண்டு சொட்டு சரியான நேரத்தில் விழுந்தது.

"எனக்கும் அதேதான் தோணுது சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "பிரேக் விளக்கு கண்ணு முன்னாடி செக்கச்செவேல்னு எரிஞ்சிருக்கு. அதைப் பார்த்தும் ஓட்டியிருக்காங்க. விவரம் தெரியாத பொம்பளைன்னு எழுதி மூடிடலாம்."

மீட்டர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தலையை ஆட்ட வேண்டும். அவ்வளவுதான்! ஆட்டியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் இருபது வருஷத் தொழில் ஆயிற்றே. இவர் ஒட்டிய டேப்பைத் தாண்டி ஒரு விளக்கு எரிந்தது என்று யாரோ ஒரு ஜலதோஷக்காரர் சொல்வதா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எரிஞ்சிருக்காது சார்."

"எரிஞ்சுதுன்னு சொல்றேன்ல."

"சான்ஸே இல்ல. அது எரிய வழியே இல்ல."

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"ஏன் சார் வழி இல்ல?" மெதுவாகக் கேட்டார்.

"இல்ல... பழைய வண்டி... பல்பு கில்பு போயிருக்கும்..."

"பல்பு நல்லாத்தான் இருக்கு. பின்னால கறுப்பு டேப்தான் ஒட்டியிருக்கு. கழட்டிப் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

பேச்சை மாற்றினால் தப்பிக்கலாம் என்று மீட்டருக்குத் தோன்றியது.

"சார்... என் மனைவி... அவளை எங்க வச்சிருக்கீங்க?"

"அப்பாடா! இப்பவாவது கேட்டீங்களே." இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "நான் வந்து பத்து நிமிஷம் ஆச்சு. அவங்க செத்துட்டாங்கன்னு நான் சொல்லவே இல்ல. உயிரோட இருக்காங்களான்னு நீங்களும் கேக்கவே இல்ல. உங்க மனைவி பின்வாசல் வழியா வந்து பின்னால ரூம்லதான் இருக்காங்க. கூப்பிடட்டுமா?"

பின்னறைக் கதவு திறந்தது.

மனைவி நின்றாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. தோளில் தொங்கிய கைப்பை மட்டும் என்றைக்குமில்லாமல் கனத்து இழுத்தது. நடந்தபோது உள்ளே ஏதோ கலகலவென்று சத்தம் கேட்டது. மீட்டர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

"நீ... எப்படி..."

"எண்ணினேங்க" என்றாள் அவள். "டிரைவிங் ஸ்கூல்ல முதல் நாள் எனக்கு அதை மட்டும்தான் சொல்லிக் கொடுத்தாங்க. சாவியைப் பாதி திருப்பு, கையை எடு, விளக்கு எல்லாம் எரியுதான்னு எண்ணு. ஒண்ணு எரியலைன்னாலும் வண்டியை எடுக்காதே. என் வண்டில ஒன்பது. தினமும் எண்ணுவேன். இன்னிக்கு எட்டுதான் இருந்துச்சு."

அவள் நழுவிய கைப்பையைத் தோளில் ஏற்றி மாட்டிக்கொண்டாள்.

"கை பிரேக்கை இழுத்து வச்சிருக்கேன். இழுத்தாலே எரிய வேண்டிய பிரேக் விளக்கு அப்பவும் எரியலை. பானெட்டைத் திறந்து பார்த்தேன், ஆயில் பாதிகூட இல்ல. யார் வேலைன்னு யோசிக்கவே தேவைப்படலை. நேத்து அந்த நோட்டுல படிச்சதுதானே? இருபத்திரண்டு வருஷம் உங்களோட குடும்பம் நடத்தியிருக்கேன். அந்த நர்ஸுக்குச் செஞ்சதை எனக்கும் செய்ய எப்படிங்க மனசு வந்துச்சு?"

மீட்டர் ஓடினார்!

மனைவியைத் தள்ளிக்கொண்டு பின்னறைக்குள் பாய்ந்தார். எல்லாக் கார்ச் சாவிகளும் வரிசையாகத் தொங்கும் பலகை அங்கேதான். இன்று அதில் ஒரே ஒரு சாவிதான் தொங்கியது. ஏன் என்று யோசிக்க நேரமில்லை. பிடுங்கிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கார்கள் நிற்கும் திடலுக்கு ஓடினார். சாவி சிவப்புக் காருடையது. முன் கண்ணாடியில் இவரே கொட்டை எழுத்தில் எழுதி மாட்டிய அட்டை: 'ஒரே ஓனர். டாக்டர் ஓட்டியது. ஏறினால் இறங்க மனசு வராது!'

ஏறினார். சாவியை ஒரே திருப்பு. விளக்கு எண்ணவில்லை, பெல்ட் போடவில்லை. சீறிக்கொண்டு கேட்டைத் தாண்டியது சிவப்புக் கார்.

இன்ஸ்பெக்டர் பின்னால் ஓடி வந்தார். பாதி வழியில் தும்மல் வந்து நின்றுவிட்டார். மனைவி வந்து இறங்குவதை மீட்டர் பார்த்துவிடக் கூடாதே என்று ஜீப்பை அடுத்த தெருவில் மறைத்து நிறுத்தியிருந்தார்கள். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். துப்பறியும் மூளை என்றால் சும்மாவா?

"வாங்க சார், நான் ஓட்டறேன்" என்றாள் மனைவி.

கைப்பையைத் திறந்தாள். உள்ளே சாவிகள், ஷோரூமில் இருந்த அத்தனை சாவிகளும்! ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு ஓரமாக நின்ற ஒரு சாம்பல் நிறக் காரிடம் போனாள். நோட்டில் இல்லாத ஒரே கார் அதுதான்.

சாவியைப் பாதி திருப்பினாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"அம்மா, ஆளு தப்பிச்சுப் போறாரு!"

"அவர் எங்கயும் போக மாட்டார் சார். பெல்ட்டைப் போடுங்க."

எண்ணி முடித்தாள். எல்லாம் எரிந்தன. இன்ஜினைக் கிளப்பி, கை பிரேக்கை விட்டாள். எல்லாம் அணைந்தன. பக்கக் கண்ணாடியைச் சரி செய்தாள். இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். கார் நாற்பதில் உருண்டது. ஒரு ஸ்கூட்டர்காரர் முந்திக்கொண்டு போனார். திருப்பத்தில் அவள் வேகத்தைக் குறைத்தபோது ஒரு சைக்கிளும் முந்தியது. பின் சீட்டில் ஏட்டு அந்த நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதிலிருந்த கார்களை வாங்கியவர்களுக்கு ஷோரூம் பில் புத்தகத்தில் நம்பர் பார்த்து ஒவ்வொருவராகப் போன் போட்டார். வண்டியை எடுக்காதீர்கள், எடுத்திருந்தால் உடனே ஓரங்கட்டுங்கள். ஏழு பேரும் கிடைத்துவிட்டார்கள். அவள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அங்கே சிவப்புக் காரில் மீட்டர் மேட்டு ரோட்டில் மிதித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஜீப் இல்லை, ஒரு ஈ காக்காய் இல்லை! இவருக்குச் சிரிப்பு வந்தது. ஏதோ தீய்ந்த வாடை அடித்தது. டேஷ்போர்டைப் பார்த்தார். ஹீட் முள் சமர்த்தாக நடுவில் நின்றது. வண்டிக்கு ஒன்றுமில்லை என்று இன்னும் அழுத்தி மிதித்தார்.

அட, மனுஷன் தன் கைவேலையைத் தானே நம்புகிறாரே!

எந்தக் காரில் எதை மறைத்தோம் என்று சொல்லத்தான் நோட்டு இருந்தது. நோட்டு இப்போது இவரிடம் இல்லை. 'சிவப்பு – ரேடியேட்டர் ஓட்டை, ஹீட் முள் நடுவில்' என்ற வரியை மனைவிதான் நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்திருந்தாள்.

படார்!

பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி பீறிட்டது. இன்ஜின் ஒரு தடவை அலறியது. இறுகிப்போய் நின்றுவிட்டது. மேட்டின் நட்டநடுவில், அசைக்க முடியாமல்.

எட்டு நிமிஷம் கழித்துச் சாம்பல் நிறக் கார் வந்தது. அவசரமே இல்லாமல். மனைவி இண்டிகேட்டர் போட்டாள், ஓரங்கட்டினாள், கை பிரேக்கை இழுத்தாள். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள். எரிந்தது. அதற்குப் பிறகுதான் இறங்கினாள்.

புகைக்குள் மீட்டர் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது கண்ணீர் கொட்டியது. இந்தத் தடவை கொட்டாவி தேவைப்படவில்லை.

"முள்ளு நடுவுலதானே நின்னுச்சு..." என்று விம்மினார்.

"அந்த நர்ஸும் இதேதாங்க சொன்னா" என்றாள் மனைவி. "விளக்கு எரியவே இல்லைன்னு. யாரும் நம்பலை."

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்தார். இறங்கச் சொன்னார். மீட்டர் அசையவில்லை. மறுபடியும் சொன்னார். ஊஹூம்.

இன்ஸ்பெக்டர் முன் கண்ணாடியில் மாட்டியிருந்த அட்டையை எட்டிப் பார்த்தார். நிதானமாக ஒரு தடவை படித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அட்டையில நீங்க எழுதினது ஒண்ணாவது உண்மையா இருக்கே, சந்தோஷம்! மனசு வராட்டியும் பரவாயில்ல... இறங்குங்க சார்."