குறையாத அட்டை

விக்கிரமங்கலத்தில் காசிநாதன் வீட்டுக்கு, சுகாதார நிலைய ஊழியரான நான் மாத்திரைப் பையோடு போனது பட்டப்பகலில். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே வெளிச்சம் ஏறவே இல்லை. மூடிக் கிடந்த கூடத்தில் திருநீறும் பழைய வியர்வையும் கலந்த வாடை.

காசிநாதன் ஒரு அற்பப் பிறவி. வேலைக்காக நேரில் ‘வாங்க, போங்க’ என்பேன், அவ்வளவுதான். அவன் மனைவி பூங்காவனத்துக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கும். துடிப்பு சீராக இல்லையென்றால் உள்ளே ரத்தம் கட்டும், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் ஆள் விழுவார், ஆயுசுக்கும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இந்தத் துரை, "நல்லாத்தான நடமாடுறா, எதுக்குத் தெனம் மருந்து?" என்று பிடுங்கி பீரோவில் பூட்டினான். இருபதாம் நாள் அவள் சமையல்கட்டில் விழுந்து செத்தாள்.

இப்போது அதே வியாதி அவனுக்கு. உயிர்மேல் ஆசை வந்துவிட்டது.

மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். மூன்று துடிப்பு, ஒரு இடைவெளி, பிறகு தடதடவென்று ஏழு. போன வாரம் கொடுத்த அட்டையைக் கேட்டேன். பத்து மாத்திரைகளும் அப்படியே இருந்தன.

"தெனம் முழுங்குறேங்க," என்றான்.

"எங்கிட்டயே பொய் சொல்றீங்களா?"

"சத்தியமா. மறுபடி பாத்தா அட்டையில இருக்கு." குரல் இறங்கியது. "அவ விட மாட்டேங்குறா."

நானே ஒன்றைப் பிதுக்கி அவன் நாக்கில் வைத்தேன். தண்ணீர் குடித்தான். வாயைத் திறந்து காட்டினான்.

காலி.

என் கையிலிருந்த அட்டை லேசாக நெளிந்தது.

எண்ணினேன். பத்து.

கிழித்த தகட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

சமையல்கட்டில் யாரோ நிதானமாக மூச்சு விட்டார்கள்.

காசிநாதன் எழப் பார்த்தான். வாய் கோணியது. வலது கை தொங்கிவிட்டது.

ஆம்புலன்ஸில் அரியலூருக்குக் கொண்டுபோனோம். நர்ஸ் மருந்து பாட்டிலை மாட்டினாள். சொட்டுச் சொட்டாக இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது.

"ஊசி அடைச்சிருக்கும்போல," என்று அவள் வேறு நரம்பில் குத்தினாள்.

காசிநாதனுக்குப் பேச்சு போயிருந்தது. கண் மட்டும் என்னைக் கெஞ்சியது. பூங்காவனமும் பீரோ முன்னால் நின்று இப்படித்தான் கெஞ்சியிருப்பாள். ஊசியில் அடைப்பில்லை என்று நர்ஸிடம் நான் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன்.

சொட்டு வேகமாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. பாட்டிலில் மருந்து கொஞ்சம்கூட இறங்கவில்லை.