ஏழாம் நம்பர்

கேபிளைப் பிடுங்கிய பிறகும் ஏழாம் நம்பர் விளக்கு தலையைத் திருப்பியது.

கொஞ்சம்தான், தூக்கத்தில் புரண்டு படுப்பவரைப் போல. அரங்கின் கூரைக்கடியில், விளக்குகள் தொங்கும் இரும்புச் சட்டத்தின் மேல் குப்புறப் படுத்திருந்த தம்பி, ஸ்பேனரும் கையுமாக அசையாமல் கிடந்தான். மேலே ஏறுகிறவன், கீழிருந்து விளக்குகளை ஆட்டுவிக்கும் கன்ட்ரோல் போர்டின் கேபிளைத் தன் கையாலேயே உருவி, கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். அண்ணனும் தம்பியும் தொழில் தொடங்கியபோது வைத்துக்கொண்ட சட்டம் அது. கேபிள் கழுத்தில் இருந்தால் கீழே யார் எதைத் தொட்டாலும் மேலே ஒன்றும் ஆடாது. இப்போதும் அது கழுத்தில்தான் கிடந்தது. சூடேறிய தூசியின் வாடையும் விளக்குகளுக்குள் சுழலும் விசிறிகளின் முனகலும் தவிர அந்த மதிய நேரத்து அரங்கில் வேறொன்றும் இல்லை.

"அண்ணே, ஏழாம் நம்பர் திரும்புது."

"திரும்பட்டும்டா," என்றார் அண்ணன், கீழே இருட்டிலிருந்து. "வயர்லெஸ் மாட்டிட்டேன். இனிமே கேபிள் வேணாம்."

தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அவனுக்குச் சுருக்கென்றது. நேற்று சாப்பிடும்போதுதான், தனியாகத் தொழில் வைக்கப்போவதாக அண்ணனிடம் சொன்னான். கத்துவார் என்று பயந்தான். அவரோ தட்டைப் பார்த்தபடி "சரிடா" என்றதோடு சரி. இன்று காலை அவரே அவனுக்கு சேஃப்டி பெல்ட்டைக் கட்டிவிட்டார், சின்ன வயதில் சட்டைப் பொத்தான் போட்டுவிட்ட மாதிரி. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அதுதான் என்று நெகிழ்ந்துபோயிருந்தான்.

விளக்கு இடப்பக்கம் திரும்பியது. அவன் கழுத்தும் திரும்பியது.

அவன் திருப்பவில்லை.

வலப்பக்கம். கழுத்தும் வலப்பக்கம். நரம்பு சுண்டி இழுத்தது. ஒரே நம்பர் கொடுத்த இரண்டு விளக்குகள் ஒரே மாதிரிதான் ஆடும். தொழிலில் அண்ணன் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். கையை முதுகுக்குக் கொண்டுபோனான். பெல்ட்டுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஏதோ ஒன்று, வெதுவெதுப்பாக. அதன்மேல் டேப். பிய்க்க வசதியாக நுனி மடித்திருந்தது. அண்ணன் ஒருவர்தான் அப்படி ஒட்டுவார்.

பிய்க்கப் பார்த்தான். விரல்கள் கேட்கவில்லை.

"அண்ணே... நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லடா." குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. "என் பேச்சைக் கேக்க மாட்டேன்னுட்ட. அவ்வளவுதான்."

போர்டில் ஏதோ நகரும் ஓசை. விளக்கு குனிந்தது. அவன் தலையும் குனிந்தது. நேர்கீழே வெறும் மரமேடை.

விளக்கு மெல்லத் திறந்தது. வெள்ளை வட்டம் ஒன்று மேடையில் விழுந்தது. அவன் வலக்கையும் திறந்தது. ஸ்பேனர் வட்டத்தின் நடுவே விழுந்து துள்ளியது.

இடக்கை பெல்ட்டின் கொக்கியைத் தேடிப் போனது. அவனுடைய கைதான். வேண்டாம். வேண்டாம். கொக்கி பாதி கழன்றது.

அண்ணன் இருட்டிலிருந்து எழுந்து வந்தார். ஸ்பேனரை எடுத்து ஓரமாக வைத்தார். மேடை காலியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி போர்டுக்கு முன் போய் உட்கார்ந்தார்.