மூன்றாம் சரணம்

“பாட்டு முடியறதுக்குள்ள உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“இப்பவே கேளேன், கெல்.”

“இப்ப இல்ல... கடைசிச் சரணம் வரட்டும்.”

பதினெட்டு வருடங்களுக்கு முன், கடற்கரைக் கிளப்பின் ஹாலில், கெல்வினின் தோளில் கை வைத்து நோலீன் ஆடிக்கொண்டிருந்தபோது நடந்த பேச்சு இது. அந்தக் கடைசிச் சரணம் வரவே இல்லை. பாட்டு மெல்லத் தேய்ந்து அடங்கியது. மறுகணமே துள்ளல் பாட்டு ஒன்று குதித்துக்கொண்டு வந்தது. யாரோ ஒருவன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆடப் போனான். அவள் திரும்பிப் பார்த்தபோது கெல்வின் இல்லை. மறுநாள் காலை அவன் மேற்கே, இரும்புச் சுரங்க வேலைக்குப் போய்விட்டான்.

மழை பெய்யும்போதெல்லாம் அவளுக்கு அந்தப் பேச்சு நினைவுக்கு வரும். தென்கடலோர ஊரான வார்னம்பூலில் மழைக்கா பஞ்சம்...

இந்தச் சனிக்கிழமையும் மழைதான். வாரமெல்லாம் பள்ளியில் பிள்ளைகளோடு மல்லாடிவிட்டு, சனிக்கிழமை காலைகளில் தேவாலயத்தின் பழைய சாமான் கடையைப் பார்த்துக்கொள்வது நோலீனின் வழக்கம். மூடுவதற்கு ஐந்து நிமிடம் இருக்கையில் யாரோ அட்டைப்பெட்டியைச் சுமந்தபடி, முதுகால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

“காலைத் துடைச்சிட்டு வாங்க. இப்பதான் தரையைத் துடைச்சேன்” என்றாள், நிமிராமலே.

வந்தவன் பணிவாகக் காலைத் துடைத்தான். பெட்டியை மேஜையில் வைத்தான். அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்...

மழைக்கு முந்தைய கடலின் நிறத்தில் அதே கண்கள். காதோரம் கொஞ்சம் நரை. நெற்றியிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைக்கக்கூட மறந்து அவன் நின்றான்.

‘ஏதாவது பேசு, நோலீன்...’ என்றது மனம். கைக்கு வேலை கொடுப்போம் என்று பெட்டியைப் பிரித்தாள். ரொட்டி வாட்டும் இயந்திரம், இரண்டு கம்பளிச் சட்டைகள்... அதன் கீழே, ஊதாவும் ஆரஞ்சுமாகப் பளபளக்கும் உறையில் ஒரு பெரிய இசைத்தட்டு. அன்று ஹாலில் சுழன்ற அதே தட்டு. அந்த வருடத்தின் இருபது வெற்றிப் பாடல்கள், ஒரே தட்டில். ஓரத்தில் நீல மையில், உருண்டை உருண்டையாக அவள் கையெழுத்து: ‘நோலீன் ப்ராடி. திருப்பித் தரவும்.’ அந்த நாளில் பெயர் எழுதாமல் யாரும் விருந்துக்கு இசைத்தட்டு எடுத்துப் போனதில்லை.

“திருடினதையே தானமாக் கொடுக்க உனக்குத்தான் மனசு வரும், கெல்.”

அவன் காது சிவந்தது. “எங்கக்கா கட்டின பெட்டி. உள்ள என்ன இருக்குன்னு நான் பார்க்கல.”

“பதினெட்டு வருஷமாவா?”

“அன்னிக்கு ஹாலுக்குத் திரும்பி வந்தேன். நீ கிளம்பிட்ட. இது மட்டும் மேஜை மேல இருந்துச்சு. உன் வீட்ல கொடுக்கலாம்னு போனா... உங்கப்பா வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவைக் கண்டு பயப்படாத பையன் அந்தத் தெருவில் கிடையாது.

தன் அப்பா இறந்த பிறகு அவர் வீட்டை விற்க வந்ததாகக் கெல்வின் சொன்னான். நாளைக்கு மறுபடி மேற்கே கிளம்புகிறானாம். நோலீன் மடித்திருந்த கம்பளிச் சட்டையையே எடுத்து இன்னொரு முறை மடித்தாள். அவன் விரலில் மோதிரம் இல்லை. அவன் பார்வையும் அவளுடைய வெறும் விரலுக்குப் போய் வந்தது...

‘ஏன் போனாய்’ என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் இத்தனை வருடம் கட்டிக் காத்த வீம்பு அவ்வளவு லேசில் விடுமா?

“அன்னிக்கு நல்லா ஓட்டப்பந்தய வீரன் மாதிரி ஓடின” என்றாள்.

“நீ சிரிச்சுக்கிட்டே இன்னொருத்தன் கூட ஆடப் போயிட்ட. சரி, பதில் கிடைச்சாச்சுன்னு நினைச்சேன்.”

“கேள்வியே கேக்காம பதிலா? ரொம்ப நல்லாயிருக்கு.”

அதுவும் இதோடுதான் இருக்கும் என்பதுபோல, கெல்வின் பெட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவினான். ஒரு சாண் அகலத்தில் சின்ன இசைத்தட்டு ஒன்று வெளியே வந்தது. அதே பாட்டு, அது மட்டும் தனியாக.

“இதைப் போட்டு ஒரு வாரம் கண்ணாடி முன்னாடி ஒத்திகை பார்த்தேன். மூணாவது சரணம் ஆரம்பிச்சதும் கேக்கணும்னு. உன் தட்டுல அந்தச் சரணமே இல்ல, நோலீன். இருபது பாட்டை அடைக்க கம்பெனிக்காரன் எல்லாத்தையும் வெட்டியிருந்தான். அது அன்னிக்கு எனக்கு எப்படித் தெரியும்?”

அவளுக்கும் தெரியாது. அவளைப் பொறுத்தவரை அந்தப் பாட்டு அங்கேதான் முடியும். அதற்குப் பிறகு ரேடியோவில் அதன் முதல் இசை கேட்டாலே அணைத்துவிடுவாள். ஆக, அவனை விரட்டியது அவள் ஆசையாகக் கொண்டுபோன தட்டுதானா...

எழுந்து போய்க் கதவில் ‘கடை மூடப்பட்டது’ அட்டையைத் திருப்பினாள். வரும் தட்டுகளைச் சோதித்துப் பார்க்க மூலையில் ஒரு ரெக்கார்டு பிளேயர் இருந்தது. சின்னத் தட்டை அதில் வைத்து ஊசியை இறக்கினாள்.

முதல் சரணம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. வழக்கமாகத் தேயும் இடம்... அடுத்த துள்ளல் பாட்டுக்கு அவள் மனம் தானாகவே தயாரானது. ஆனால் குரல் நிற்கவில்லை. இன்னும் மென்மையாக, மழையோடு மழையாகத் தொடர்ந்தது.

“இன்னும் இருக்கா?” என்றாள், கண்கள் விரிய.

“இருக்கு.”

அவன் மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான். மூடினான்.

“இந்தச் சரணம் எவ்வளவு நேரம், கெல்?”

“ஒரு நிமிஷம் இருக்கும்.”

“பாதி போயிடுச்சு.”

அவன் சிரித்துவிட்டான். மேஜையைச் சுற்றி வந்து, ஈரம் காயாத கையால் அவள் கையைப் பிடித்தான்.

“என்னைப் போகாதேன்னு சொல்லேன், நோலீன்.”