சிமெண்ட் பெட்டி

மழை இல்லை. மூன்று நாளாகக் காரைக்கால் வானம் துடைத்துவிட்டது போலக் கிடந்தது. ஆனாலும் மாடியிலிருந்த கப்பல் கம்பெனி ஆபீசில் எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தங்கப்பா, குழாயை மூடுனியா இல்லையா?"

"இங்க எங்க சார் குழாய்? கீழதானே இருக்கு" என்றான் கிளார்க் தங்கப்பன்.

வைத்தியலிங்கத்துக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கோவில்பத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, கரையில் உட்கார்ந்துகொண்டு, கடலில் ஓடும் கப்பலின் இயந்திரங்களுக்குப் பொறுப்பேற்கிற வேலை அவருடையது. பொறுப்பு அவருக்கு, அதிகாரம் முதலாளிக்கு. எந்த மடையனாவது இந்த உத்தியோகத்துக்கு வருவானா?

கம்பெனிக்கு இருந்ததே ஒரு கப்பல்தான். 'பெரியநாயகி', முதலாளியின் தாயார் பெயர். அதன் இஞ்சின் அறையில், கடல்தண்ணீரை உள்ளே இழுக்கும் குழாய் இற்றுப்போய், கட்டைவிரல் நுழையுமளவு ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டையைச் சுற்றிப் பலகையால் பெட்டி அடித்து, உள்ளே சிமெண்டைக் கொட்டி இறுகவிட்டிருந்தார்கள். அவசரத்துக்குக் கப்பல்காரர்கள் செய்கிற வைத்தியம். ஒரு வாரம் தாங்கினால் போதும். இது எட்டு மாதமாகிறது. புதுக் குழாய் கேட்டு வைத்தியலிங்கம் ஒன்பது கடிதம் எழுதிவிட்டார். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. "ஓடுற கப்பலை எதுக்குய்யா நிறுத்தச் சொல்றீங்க?" என்பார் முதலாளி.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தூத்துக்குடியில் கப்பலின் தகுதி பார்க்கிற சர்வேயர் சோதனைக்கு வந்தபோது, இருட்டு மூலையிலிருந்த அந்தப் பெட்டிமேல் குழாயின் பச்சைப் பெயிண்டையே அடித்துவிடச் சொன்னவர் வைத்தியலிங்கம். 'புதுக் குழாய் போட்டாயிற்று' என்று கையெழுத்துப் போட்டவரும் அவரே. முதலாளியை மனசுக்குள் திட்டும்போதெல்லாம் அந்தக் கையெழுத்து தொண்டையில் வந்து நின்றுகொள்ளும்.

கப்பலின் தலைமை இஞ்சினியர் முத்தையன் நெடுங்காட்டு விவசாயி வீட்டுப் பிள்ளை. வலதுகை ஆள்காட்டி விரல் அவருக்குப் பாதிதான். மீதியை ஒரு பம்பு தின்றுவிட்டது. போன வாரம் மெட்ராசிலிருந்து ரங்கூனுக்குக் கிளம்பும்போது ட்ரங்க் காலில் கூப்பிட்டார்.

"சார், நம்ம ஊர்ல வாய்க்கால் உடைச்சுக்கிட்டா, மண்ணு வர்ற வரைக்கும் ஒரு ஆளு முதுகைக் குடுத்து உக்காந்துருவோம். அது ஒரு மணி நேரம். இதை எத்தனை நாளைக்குங்க சார் புடிச்சுக்கிட்டிருக்கிறது?"

"அடுத்த ரிப்பேர் வரைக்கும் புடிச்சுக்கய்யா" என்று போனை வைத்துவிட்டார் வைத்தியலிங்கம்.

தினமும் நடுப்பகலில் கப்பல் நிற்கும் இடம், வேகம், இஞ்சின் நிலவரம் எல்லாம் முத்தையன் பெயரில் தந்தியாக வந்துவிடும். புதன்கிழமையிலிருந்து கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது. 'பெட்டி தாங்குகிறது.' இன்று வெள்ளி. சற்றுமுன் வந்த தந்தியிலும் அதே வரி. காகிதம் ஈரத்தில் நைந்திருந்தது. மூன்று தந்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்றிலும் ஒரே இடம். கப்பல் ஒரு மைல்கூட நகரவில்லை.

காகிதத்தை இழுத்து எழுதினார்: 'மெட்ராசுக்கே திருப்பு. குழாயை மாற்று. பொறுப்பு என்னுடையது.'

"முதலாளிகிட்ட கேக்க வேணாமா சார்?"

"கேட்டுக் கேட்டுத்தான் எட்டு மாசம் போச்சு. இருபத்திரண்டு பேரு இருக்காங்க அதுல. ஓடு, தந்தி ஆபீசை மூடிடப் போறான்!"

தங்கப்பன் இறங்கிப் போனதும் ஆபீஸ் அமைதியானது. சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டிப் படுக்கவைத்தது. அந்த வெயிலினூடே டீசலும் அழுகிய பாசியும் கலந்த ஒரு நாற்றம், கப்பலின் அடிவயிற்றில் மட்டுமே அடிக்கிற நாற்றம், மெல்ல மெல்ல எழுந்து அவர் மூக்குவரை வந்து நின்றது. சொட்டுச் சத்தம் இப்போது சொட்டாக இல்லை. ஒழுகிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. மெட்ராஸ் ஏஜெண்ட்.

"சார், பெரியநாயகி போயிடுச்சு சார். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆபத்துன்னு கூப்பிட்டிருக்காங்க. போய்ப் பாத்த கப்பலுக்குக் கவுந்த படகு ஒண்ணுதான் கெடைச்சுது. யாருமே இல்லையாம்."

"செவ்வாயா? என்னய்யா உளர்ற? இன்னிக்கு மத்தியானம்கூட முத்தையன் தந்தி அடிச்சிருக்காரே!"

"யாரு அடிச்சா சார்?"

லைன் அறுந்தது.

வைத்தியலிங்கத்தின் செருப்புக்கடியில் தரை நனைந்திருந்தது. நாக்கில் பட்ட காற்றில் உப்பு. சத்தம் கோப்பு பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவருடைய ஒன்பது கடிதங்களும் இருந்த பீரோ. தோளைக் கொடுத்துத் தள்ளினார். கிறீச்சென்று நகர்ந்தது.

சுவரில் ஒரு பெட்டி.

பச்சைப் பெயிண்ட். இன்னும் காயாத பெயிண்ட். நடுவில் ஒரு விரிசல். அதிலிருந்து தண்ணீர்.

யோசிக்காமல் இரண்டு கையாலும் பொத்தினார். பனிக்கட்டிக் குளிர். உள்ளே ஒரு கடலே நின்று தள்ளியது.

"முத்தையா, மன்னிச்சுருய்யா" என்றார்.

சிமெண்ட் உதிர்ந்தது. ஒரு துண்டு. இன்னொன்று. கை வழுக்கியது.

தண்ணீர் நின்றது.

விரிசலின் விளிம்பில், உட்பக்கத்திலிருந்து, நான்கு விரல்கள். ஊறி வெளுத்தவை. நகக்கண்ணில் பச்சைப் பெயிண்ட். ஆள்காட்டி விரல் பாதிதான்.

அவை வெளியே வர முயலவில்லை. விரிசலை இறுக்கிச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தன.