ஊசி போட்ட இடத்து வெள்ளை வட்டம்

“என் பொண்ணு ஊசியில மருந்துக்குப் பதிலா தண்ணியப் போட்டுட்டாளாம் மேடம். நாளைக்கு அவ வேலையே போயிடும்,” என்றார் கடைசல் பட்டறைக்காரர். கையிலிருந்த எண்ணெய்க் கறையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தார்.

ஓய்வு பெற்ற மருந்தியல் பேராசிரியை நிதானமாகக் கேட்டுக்கொண்டார். அவருடைய தம்பி அதற்குள் குறிப்பெடுக்க நோட்டைத் திறந்துவிட்டார்.

விஷயம் இதுதான். துப்பாக்கி சுடும் போட்டியில் முதல் பரிசு வாங்கிய வீரரைத் தேனீ கொட்டித் தொண்டை வீங்கிவிட்டது. முதலுதவிக் கூடாரத்தில் நர்ஸாக இருந்த பட்டறைக்காரரின் மகள் இரண்டு முறை அட்ரினலின் ஊசி போட்டும் அவர் தேறவில்லை. பெரிய மருத்துவமனையில் வேறொரு ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். காலி மருந்துக் குப்பிகள் குப்பையோடு போய்விட்டன. தண்ணீரைப் போட்டுவிட்டு மருந்தைத் திருடிவிட்டாள் என்று, போட்டியை நடத்திய மன்றத்தின் தலைவர் புகார் எழுதிவிட்டார்.

“பார்த்தா தண்ணி மாதிரிதான் தெரியுது அக்கா,” என்று தம்பி வாயை விட்டார். பட்டறைக்காரர் முறைத்த முறைப்பில் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“உங்க பொண்ணு ஏதாவது எழுதி வச்சிருக்காளா?”

பட்டறைக்காரர் ஒரு தாளை நீட்டினார். நிமிடக் கணக்கோடு எல்லாம் இருந்தது. நாடி ஐம்பத்திரண்டு. ஊசிக்குப் பின்னும் ஐம்பத்திரண்டு. வேறு மாத்திரை ஏதும் போட்டாரா என்று கேட்டதற்கு வீரர் இல்லையென்று தலையாட்டினார். ஊசி போட்ட இடத்தைச் சுற்றித் தோல் வட்டமாக வெளுத்தது.

“கிளம்புங்க, எல்லாரையும் பார்த்துடலாம்,” என்றார் பேராசிரியை.

மன்ற அலுவலகத்தில் தலைவர், வீரர், நர்ஸ் மூவரும் இருந்தார்கள்.

“அட்ரினலின் செல்லுக்குள்ள போகாது,” என்று ஆரம்பித்தார் பேராசிரியை. “செல்லோட வெளிச்சுவர்ல மருந்தைப் பிடிச்சுக்கிற ஏற்பி, அதாவது ரிசெப்டர், இருக்கு; அதுல போய் ஒட்டும். ஏற்பி வடிவம் மாறி உள்ளே சேதி அனுப்பும். இதயத்துல இருக்கிற ஏற்பி கேட்டா நாடி ஏறும். தோலோட ரத்தக்குழாய்ல இருக்கிறது வேற ஏற்பி. அது கேட்டா குழாய் சுருங்கி, தோல் வெளுக்கும். தண்ணிக்கு இந்த வேலை தெரியாது.”

“அப்போ மருந்து அசல்!” தம்பி துள்ளினார். “நாடி மட்டும் ஏன் ஏறல?”

“இதய ஏற்பியில வேற யாரோ முன்னாடியே இடம் பிடிச்சு உட்கார்ந்திருந்தாங்க. நாடியை இறக்கி, கை நடுக்கத்தையும் நிறுத்துற மாத்திரைதான் அங்க போய் உட்காரும். ஆஸ்பத்திரியில போட்டது இன்னொரு ஹார்மோன். அது தனக்குன்னு இருக்கிற ஏற்பியில ஒட்டி, உள்ளே அதே சேதியைக் கிளப்பிடுச்சு.” வீரர் பக்கம் திரும்பினார். “கை நடுங்காம இருக்க என்ன மாத்திரை போட்டீங்க?”

வீரரின் முகம் தொங்கிப்போயிற்று. “போட்டியில தடை செஞ்ச மாத்திரை. சொன்னா பதக்கம் போயிடும்னு மறைச்சுட்டேன்.”

தலைவர் எழுந்து நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டுப் புகாரைக் கிழித்தார். அவளோ வீரரையே பார்த்தாள். “அண்ணே, இனிமே யார் கேட்டாலும் மறைக்காதீங்க. அடுத்த தடவை உயிர் தங்காது.”

பட்டறைக்காரர் நன்றி சொல்ல வாயெடுத்தார்.

“எனக்கு எதுக்கு நன்றி? ஒரு உயிர் கைவிட்டுப் போற நேரத்துலயும் கண்ணால பார்த்ததை ஒண்ணுவிடாம எழுதினது உங்க பொண்ணு. துப்புத் துலக்கினது அவதான்.”

பட்டறைக்காரருக்கு நெஞ்சு விம்மியது. “கேட்டீங்களா? என் பொண்ணு!” என்று தலைவர், வீரர், தம்பி என ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னார்.