தானாக ஓடும் பெட்டி

பூட்டிக் கிடந்த அந்தப் பழைய உப்பளக் கம்பெனி பங்களாவுக்கு ரெனிஷ் வந்தபோது மதியம்தான். ஆனாலும் அடைமழையில் தூத்துக்குடிக் கடற்கரையே இருண்டு கிடந்தது. மாடி அறையில் ஹாம் ரேடியோ சங்கத்தின் ரிப்பீட்டர் இருந்தது. வாக்கி டாக்கி போன்ற கைக்கருவியின் நலிந்த குரலை வாங்கி, நடுக்கடல்வரை உரக்க அனுப்பும் பெட்டி அது.

காலையிலிருந்து அது யாரும் பேசாமலே இரைந்துகொண்டிருந்தது. ரிப்பீட்டரை ஆளில்லாமல் தானாக ஓடவிடலாம். கோளாறென்றால் உடனே நிறுத்த ஒருவன் பொறுப்பு என்பது விதி. அந்த ஒருவன் ரெனிஷ். வீட்டிலிருந்தே நிறுத்தப் பார்த்துத் தோற்றுத்தான் கிளம்பி வந்தான்.

முன்பெல்லாம் வேதமணி அண்ணாச்சி மூக்குப்பொடி டப்பாவும் கையுமாக அங்கேயே காவல் கிடப்பார். மிஷினுக்கு எதற்கு ஆள் என்று சங்கத்தில் பேசி அவரை வேலையைவிட்டுக் கிளப்பிவிட்டவன் ரெனிஷ். போன மாதம் அவரை அடக்கம் பண்ணினார்கள். இவன் போகவில்லை. சவப்பெட்டியில் படுத்தும் முறைக்கக்கூடிய மனுஷன் அவர்.

மாடி அறைக் கதவைத் திறந்ததும் அதே மூக்குப்பொடி வாடை அடித்தது.

கையிலிருந்த கருவி கரகரத்தது. தம்பி ஜாய்சன். கடலில் வள்ளத்தில் தனியாக நிற்கிறானாம். ஜிபிஎஸ் நனைந்துபோய் மழையில் கரை தெரியவில்லையாம்.

"எந்தப் பக்கம்ணே திருப்பட்டும்?"

ரெனிஷ் வாயெடுக்குமுன் பெட்டியிலிருந்து பதில் போய்விட்டது.

"தெக்க திருப்புலே."

அது ரெனிஷின் குரல்.

"அங்கன கல்லுல்லா கெடக்குண்ணே?"

"கல்லத் தாண்டிட்டலே. பயப்படாம வா."

தாண்டவில்லை. தம்பி வலை போடும் இடத்துக்குத் தெற்கே துறைமுகத்தின் அலைத்தடுப்புப் பாறைகள்தான். வராதே என்று ரெனிஷ் தொண்டை கிழியக் கத்தினான். பெட்டி அதை மட்டும் அனுப்பவில்லை.

ஸ்பீக்கரில் யாரோ செருமினார்கள்.

"ஆளில்லாம ஓடும்னு சொன்னல்லா. ஓடட்டும்லே."

வேதமணி.

பேச்சு அறுந்தால் நங்கூரம் போட்டு நின்றுவிட வேண்டும் என்பது அண்ணன் தம்பிக்குள் வழக்கம். அது ஒன்றுதான் இனி தம்பியைக் காப்பாற்றும். ரெனிஷ் மின்சாரத்தை அணைத்தான். பேட்டரி வயரைப் பிடுங்கினான். ஆன்டெனா கேபிளைக் கத்தியால் அறுத்தான்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நின்றிருப்பான் தம்பி. ரெனிஷுக்கு அழுகையே வந்துவிட்டது.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நிக்காதலே," என்றது ரெனிஷின் குரல். "வேகமா வா."

அவன் கைக்கருவியின் பேட்டரியையும் கழற்றி எறிந்தான். வெறுங்கூட்டுக்குள்ளிருந்து தம்பி சந்தோஷமாகப் பேசினான்.

"சரிண்ணே. நீ சொன்னா சரிதான். வாரேன்."